முக்காட்டுப் பூவைக் கேட்டுக் கண்களைக் காத்த டாக்டர் இன்ஸாஃப் அவர்களுக்கு

அன்பால் எங்களை ஆண்ட அம்மையே! அடம்பிடித்தே எங்களுக்கு நன்மை செய்த அருமைக்குரியவரே! கண்ணுக்குள் சிறு விளக்கைச் செலுத்திக் கழுத்துக்குக் கீழே நடப்பதையும் கண்டு சொன்ன கைராசிக்காரரே! எங்கள் கண் மருத்துவர் டாக்டர் இன்ஸாஃப் அவர்களே!

நைல் நதி நம் ஜன்னலோரம் நிதானமாக நடந்துகொண்டிருக்கும் இந்த முற்பகலில், நீங்கள் பணி நிறைவு பெற்று விடைபெறுகிறீர்கள். தெஸூக் நகரின் இந்த மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவாக இருக்கும் நாங்கள், ஊரார் சுருக்கமாகக் 'கழுவல்' என்று அழைக்கும் இந்த இரண்டாம் மாடிக்காரர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு கலை அறியாதவர்கள், எங்களுக்குத் தெரிந்த எளிய மொழியில் இந்த மடலை உங்கள் முன் படைக்கிறோம். சொல்லில் குறை இருந்தால் பொறுத்தருள்க. கண்ணீரில் குறை இருக்காது. மேசையில் பஸ்பூஸா இனிப்பு வைத்திருக்கும் எங்கள் செவிலி ஷாஹிரா காலையிலிருந்தே அழத் தொடங்கிவிட்டாள்.

படியேறி வந்த பரிவே!

கண் பிரிவு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. காலையில் மட்டும் திறந்திருந்தது. எங்கள் நோயாளிகளோ அதே காலையில் குழாய்களோடு நாற்காலியில் கிடந்தார்கள். கழுவல் இல்லாத நாளில் வரச் சொன்னால், எழுந்து உட்காரவே தெம்பில்லாத அந்த நாளில் யார் வண்டியேறி வருவார்கள்? ஆகவே சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கண் இருப்பதையே எல்லாரும் மறந்துபோயிருந்த காலம் அது. அந்தக் காலத்தில்தான் ஒருநாள், ஒரு கையில் கருவிப்பெட்டியும் மறுகையில் முக்காலியுமாக, மூச்சு வாங்க, நீங்கள் மாடியேறி வந்தீர்கள்.

எங்கள் தலைமை மருத்துவர் ரிஃபஅத் சிரித்துக்கொண்டே கேட்டது இன்றும் எங்கள் காதில் ஒலிக்கிறது.

"டாக்டரம்மா, வழி தவறி வந்துட்டீங்களா? கண்ணு கீழ இருக்கு."

"கண்ணு இங்கதான் இருக்கு ரிஃபஅத். ஒவ்வொரு நாற்காலியிலயும் ரெண்டு ரெண்டு. அதுவும் நல்லாக் கட்டிப் போட்டு வெச்சிருக்கீங்க, ஒருத்தரும் என்கிட்டருந்து தப்பிச்சு ஓட முடியாது!"

அன்று தொடங்கியது உங்கள் ஆட்சி. இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, நாற்காலி நாற்காலியாக முக்காலியை நகர்த்தி, ஒவ்வொரு கண்ணையும் குனிந்து பார்த்தீர்கள். வறண்டு எரிந்த கண்களுக்குச் சொட்டு மருந்து தந்தீர்கள். சுண்ணாம்புச் சத்து படிந்து சிவந்த கண்களைக் கண்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தீர்கள். நோயாளிகள் காரணம் கேட்டபோதெல்லாம் சலிக்காமல் ஒன்றைச் சொன்னீர்கள்: ரத்தத்தை வடிகட்டும் சிறுநீரகத்தின் இழைகளும், கண்ணின் பின்திரையில் ஓடும் இழைகளும் ஒரே தறியில் நெய்தவை போன்றவை, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஒன்றை நைய வைத்தால் மற்றதையும் சும்மா விடுவதில்லை. "கிட்னி சத்தமில்லாம கெட்டுப்போகும், அது சொல்லாததைக் கண்ணு காட்டிக் கொடுத்துடும்" என்பீர்கள். புத்தகத்தில் நாங்கள் படித்துத் தேர்வெழுதி மறந்ததை, உங்கள் வாயால் கேட்ட பிறகுதான் நம்பினோம்.

நம்பாதவர் யாரேனும் இந்தக் கூடத்தில் இருந்தால், வாசலருகே தூணில் சாய்ந்து நிற்கும் பஸ்யூனியைத் திரும்பிப் பார்க்கட்டும். நம் நோயாளிகளை அழைத்துவந்து கொண்டுபோய்விடும் மைக்ரோபஸ்ஸின் ஓட்டுநர் அவர். சாலையோரப் பலகை மங்கலாகத் தெரிகிறது என்று மூக்குக்கண்ணாடி வாங்கத்தான் உங்களிடம் வந்தார். அவர் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்துவிட்டு நீங்கள் கண்ணாடியைப் பற்றிப் பேசவே இல்லை.

"கையை நீட்டுப்பா. பிரஷர் பாக்கணும்."

"டாக்டரம்மா, நான் கண்ணுக்குத்தானே வந்தேன்?"

"நீ கண்ணுக்கு வந்தே. கண்ணு உன்னை மாடிக்கு அனுப்புது."

மாடியில் பார்த்தபோது, அழுத்தம் உச்சத்தில் இருந்தது. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருந்தது. தொடக்கம்தான். மாத்திரை சாப்பிட்டு, உப்பைக் குறைத்து, ஊறுகாய்ச் சட்டியைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் கொடுத்து, இன்றுவரை பஸ்யூனி நோயாளியாக நாற்காலியில் உட்காராமல் ஓட்டுநராகவே உட்கார்ந்திருக்கிறார். கழுவலுக்கு வரும் அவருடைய பயணிகள் அவரிடம் பொறாமையாகச் சொல்வார்கள்: "உனக்கென்னப்பா, இறங்காமலே திரும்பிப் போற!" அவர் ஹாரனை அடிப்பார். அந்த ஹாரன் சத்தம் உங்களுக்கான நன்றி என்பதை இன்று அவர் சார்பில் எழுதி வைக்கிறோம்.

பூவைக் கேட்டுப் பார்வையை அளந்த புத்திசாலியே!

எங்கள் கூடத்தில் எழுத்துப் பலகை மாட்ட இடமில்லை. சுவரெல்லாம் தண்ணீர்க் குழாய். சாய்ந்து கிடப்பவருக்குத் தெரிகிற உயரத்தில் எதுவுமே இல்லை. ஆனால் ஜன்னலோரம் பெண்கள், சுவரோரம் ஆண்கள் என்று இரு வரிசையும் எதிரெதிராக இருந்தன. அதை நீங்கள் பயன்படுத்திக்கொண்டீர்கள். கருவியைக் கையில் எடுக்கும் முன், எதிர் நாற்காலியில் இருப்பவரைக் காட்டி, "அவங்க முக்காட்டுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்று கேட்பீர்கள். பூவா, கட்டமா, வெறும் நிறமா என்று அவர்கள் சொல்லுவதிலிருந்தே உங்கள் வேலை தொடங்கும். உங்கள் புண்ணியத்தில் எங்கள் பெண் நோயாளிகள் கழுவலுக்கு நல்ல முக்காடு அணிந்து வரத் தொடங்கினார்கள். கூடம் களைகட்டியது.

எல்லாரையும்விட நன்றாகப் பார்த்துச் சொன்னவர் உஸ்தா ஷவ்கி. கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பதில் கைதேர்ந்த மேஸ்திரி என்பதால் ஊருக்கே 'உஸ்தா', மனைவியை இழந்தவர், இருபது வருடச் சர்க்கரை. அவருக்கு நேர் எதிரே ஸீனத். கணவரை இழந்தவர், மகன் ஹானியைக் கப்பல் வேலைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர். இருவரும் ஒரே மைக்ரோபஸ்ஸில் வந்து, ஒரே நேரத்தில் குழாய் ஏறி, கழுவல் முடியும்வரை ஓயாமல் சண்டை போடுவார்கள்.

ஸீனத்தின் முக்காட்டைப் பற்றி உஸ்தா ஷவ்கி சொன்ன விவரத்தில் ஒருநாளும் பிழை இருந்ததில்லை. "பச்சைல வெள்ளைக் கொடி, டாக்டரம்மா. ஓரத்துல ஒரு நூல் பிரிஞ்சிருக்கு" என்பார். நூல் பிரிந்திருப்பதை நாங்கள்கூடப் பார்த்திருக்கமாட்டோம். பார்வை இவ்வளவு கூர்மையாக இருக்கும்போது அவசரமென்ன என்று, கண்ணுக்குள் மருந்து விட்டுப் பார்க்கும் சோதனையை அவர் ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டு வந்தார். "மருந்து விட்டா நாள் பூரா மங்கலா இருக்கும். சாயங்காலம் ஒரு வீட்டுல அடுப்பு காத்துக்கிட்டிருக்கு" என்பது அவர் சாக்கு.

அந்த நாள் உங்களுக்கும் மறந்திருக்காது.

வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்துவிட்டீர்கள். ஸீனத்துக்கு இன்னும் ஊசி ஏற்றவில்லை. தண்ணீரையே அளந்து குடிக்க வேண்டியவர், துப்பட்டிக்குள் மறைத்து ஒரு கிளாஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் பதறினார். தேநீர் முழுவதும் முக்காட்டில். ஷாஹிரா திட்டிக்கொண்டே அவரைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்த் தன் மாற்று முக்காட்டைக் கட்டிவிட்டாள். எதிரே உஸ்தா ஷவ்கி, தொப்பி முகத்தை மறைக்க, கண்ணயர்ந்திருந்தார்.

அவரை எழுப்பிக் கேட்டீர்கள்: "என்ன உஸ்தா, ஸீனத் முக்காட்டுல இன்னிக்கு என்ன?"

"நீலம், டாக்டரம்மா. சின்னச் சின்ன வெள்ளைப் பூ. கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரி வந்திருக்கா!"

கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஸீனத்தின் தலையில் இருந்தது பூவே இல்லாத பழுப்பு முக்காடு.

நீங்கள் முக்காலியை இழுத்துப்போட்டு அவர் அருகே உட்கார்ந்தீர்கள். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டீர்கள்; ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டிருந்த எல்லாருக்கும் கேட்டது.

"எவ்வளவு நாளா உஸ்தா?"

"கழுவல் பனி, டாக்டரம்மா. எல்லாருக்கும் வர்றதுதான். தூங்கி எழுந்தா சரியாயிடும்."

கழுவல் பனி! இயந்திரத்திலிருந்து எழுந்ததும் கண் சற்று மங்கும். வீட்டுக்குப் போனால் தெளியும். எங்கள் கூடத்தில் நோயாளியும் செவிலியும் சர்வசாதாரணமாகச் சொல்லிவந்த சொல் அது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை கண்கள் ஒளிந்திருந்தன என்பதை அன்றுதான் அறிந்தோம்.

"சரியாச்சா?" என்று கேட்டீர்கள்.

அவர் தொப்பியைக் கண்மேல் இழுத்துக்கொண்டார். எதிரிலிருந்து ஸீனத் அழுதுவிட்டார். "சரியாகலை டாக்டரம்மா. பஸ்ல வரும்போதே என்ன கலர், என்ன பூன்னு நான்தான் சொல்லிடுவேன். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க."

"வாயை மூடு ஸீனத்!"

"நீ சும்மா இருய்யா! இவ்வளவு நாள் மூடிட்டு இருந்ததுதான் தப்பு."

அப்போதுதான் உஸ்தா ஷவ்கி உடைந்து சொன்னார்: "டாக்டரம்மா, எனக்குக் கண்ணு தெரியலன்னு ஊருக்குத் தெரிஞ்சா, எந்த வீட்டுல என்னை கேஸ் சிலிண்டர் கிட்ட விடுவாங்க? கிட்னி போச்சு, சரி. கையில இருக்கிற தொழிலும் போச்சுன்னா நான் எதுக்கு வாரத்துக்கு மூணு தடவை இங்க வந்து ஊசி குத்திக்கணும்?"

பொய் உறுதி சொல்லாத உத்தமியே!

அன்றே அவர் கண்ணுக்குள் பார்த்தீர்கள். சர்க்கரையால் நைந்த இழைகள் கசிந்து, இரண்டு கண்ணிலும் ரத்தம் தேங்கியிருந்தது. இடது கண்ணில் அதிகம். லேசர் வைக்க வேண்டும், கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், இனி ஒரு மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது என்றீர்கள். அவர் மறுத்தார். லேசர் வைத்த பிறகு பார்வை போன ஒருவர் இதே கூடத்தில் இருந்தார் என்றார். கழுவலில் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்து கண்ணுக்குள் வெள்ளத்தைத் திறந்துவிடும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னார்.

"லேசர் அவர் பார்வையைப் பறிக்கல, உஸ்தா. அவர் வர்றதுக்குள்ள அது போயிருந்தது. அந்த மருந்தைப் பத்தி ரிஃபஅத்கிட்ட பேசறேன், உங்க பயம் தீர்ற மாதிரி அளவைக் குறைச்சுக்கலாம்."

"அப்ப கண்ணு பழையபடி வரும்னு சத்தியம் பண்ணுங்க."

"பண்ண மாட்டேன். போனதெல்லாம் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன். இருக்கிறதைக் காப்பாத்த வழி இருக்கு. அதை மட்டும்தான் சொல்வேன்."

எங்களுக்கு உங்கள்மேல் அன்று சிறு கோபம்கூட வந்தது. ஒரு வார்த்தை ஆசையாகச் சொல்லியிருந்தால் அவர் கிளம்பியிருப்பாரே என்று நினைத்தோம். நீங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு கழுவல் நாளும் வந்து, அதே முக்காலியில் உட்கார்ந்து, அதே உண்மையை அதே பொறுமையோடு சொல்லிவிட்டுப் போனீர்கள்.

உங்கள் உண்மைக்குத் துணையாக வந்தது ஸீனத்தின் பிடிவாதம். மைக்ரோபஸ்ஸில் நடந்ததைப் பஸ்யூனி சொல்லித்தான் அறிந்தோம். அன்றிலிருந்து ஸீனத் முக்காட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உஸ்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். சில நாள் கழித்து உஸ்தாவால் தாங்க முடியவில்லை.

"இன்னிக்கு என்ன கலர்?"

"சொல்ல மாட்டேன்."

"டாக்டரம்மாவுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. இனிமே எதுக்கு ஒளிக்கிறே? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

"சும்மா தெரிஞ்சுக்கணுமா? லேசர் வெச்சுட்டு வந்து நீயே பாத்துக்க. குருடனுக்குக் கலர் சொல்ற உத்தியோகம் எனக்கு வேணாம். என்னைப் பாக்கற ஆளுதான் வேணும்."

 பஸ்யூனி கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக் கேட்டாராம்: "உஸ்தா, வண்டியை நேரா கண் ஆஸ்பத்திரிக்கே விடட்டுமா?"

"முன்னால பாத்து ஓட்டுடா" என்றவர், சற்றுப் பொறுத்து, "நாளைக்கு விடு" என்றாராம்.

மறுநாள் கழுவல் இல்லாத நாள். உங்களுக்கும் விடுமுறை. ஆனாலும் பஸ்யூனியின் முன் இருக்கையில் நீங்கள்தான் உட்கார்ந்திருந்தீர்கள். மாவட்டத் தலைநகரில் இருக்கும், உங்களோடு படித்த கண் மருத்துவரிடம் அவரை அழைத்துப்போய், லேசர் அறை வாசலில் காத்திருந்து, இருட்டுக்கண்ணாடி அணிந்து தடுமாறி வந்தவரின் கையை, கூடவே வந்திருந்த ஸீனத்தின் கையில் கொடுத்துவிட்டு, "படி இருக்கு, பாத்துக் கூட்டிட்டுப் போம்மா" என்று மட்டும் சொன்னீர்கள். அந்தக் கையை ஸீனத் பிறகு விடவே இல்லை என்பது ஊரறிந்த செய்தி.

ஊசியும் லேசரும் ஒரு நாளில் முடியவில்லை. பலமுறை போக வேண்டியிருந்தது. இடது கண்ணில் இன்றும் நிழல் மட்டுமே தெரிகிறது. நீங்கள் சத்தியம் செய்யாமல் விட்டது எவ்வளவு சரி! ஆனால் வலது கண்ணில் தேங்கிய ரத்தம் மெல்லக் கரைந்தது. ஒரு காலை, இயந்திரத்தில் சாய்ந்திருந்த உஸ்தா ஷவ்கி, எதிரே பார்த்துக் கத்தினார்.

"ஏம்மா, இந்த முக்காட்டை முன்னெல்லாம் மஞ்சள்னுதானே சொல்லிட்டு இருந்தே? அது மஞ்சளா? கடுகு கலர்!"

"மஞ்சள்தான்!"

"கடுகு! இத்தனை நாள் என்னை ஏமாத்திருக்கே!"

நீங்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். அது அழுக்காக இருக்கவில்லை என்பதை நாங்கள் கவனித்தோம். அந்தக் கோடையில் அவர்கள் நிக்காஹ் நடந்தது. கடலிலிருந்து தொலைபேசியில் ஹானி அழுத அழுகையையும், மாப்பிள்ளை தன் வீட்டு அடுப்பின் நீலச் சுடரைத் தானே சரிபார்த்து விருந்துக்குப் பற்றவைத்ததையும் கண்டோம், கேட்டோம். உறவினர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, அவர் இன்றும் தொழில் செய்கிறார்.

வழி வகுத்துவிட்டு விடைபெறும் வள்ளலே!

ஒருவர் கதையைச் சொன்னோம். சொல்லாமல் விட்டவை ஏராளம். 'கழுவல் பனி' என்ற சொல்லை இப்போது எங்கள் கூடத்தில் யார் சொன்னாலும், அடுத்த நிமிடம் அவர் கண்ணைப் பார்க்க ஆள் வந்துவிடுகிறார். சர்க்கரையோ அழுத்தமோ உள்ளவர் கண் பிரிவுக்கு வந்தால், அவர் சிறுநீரகத்தையும் சோதித்த பிறகே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நீங்கள் போன பிறகும் கண் மருத்துவர் ஒருவர் வாரந்தோறும் எங்கள் மாடிக்கு வருவார் என்று டாக்டர் ரிஃபஅத் ஏற்பாடு செய்துவிட்டார். உங்கள் முக்காலி எங்களிடமே இருக்கட்டும். கேட்டாலும் தரமாட்டோம்.

இந்த மடலை வாசிக்க யாரை அழைப்பது என்று எங்களுக்குள் போட்டி நடந்தது. நல்ல குரல் உள்ளவர்கள் பலர் இருந்தும், இறுதியில் எழுத்தைச் சற்றுப் பெரிதாக அச்சிட்டு, இப்போது உங்கள் முன் நின்று, யாரோ ஒருவர் கதையைப் போல 'உஸ்தா ஷவ்கி, உஸ்தா ஷவ்கி' என்று இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருக்கும் உஸ்தா ஷவ்கியிடமே கொடுத்தோம். தன் பேச்சு வருமிடத்தில் குரலை உயர்த்தக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தோம். கேட்டிருக்கமாட்டார்.

அம்மையே, இந்த மடலில் ஒரே ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம். கடைசி வரிசையில் ஸீனத் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கென்று புதிதாக வாங்கிய முக்காட்டை, மடல் அச்சான பிறகே பிரித்துக் கட்டியிருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கும் சொல்லவில்லை; தன் கணவரிடமும் சொல்லவில்லை என்று ஆணையிட்டுக் கூறினார். இந்த வரிக்கு வந்ததும் வாசிப்பவர் காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்திப் பார்ப்பார். பார்த்து, தானே சொல்வார்.

ஸீனத் முக்காட்டில் இன்று இருப்பது: ………………………………

டாக்டரம்மா, சரியா என்று நீங்கள்தான் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சரியென்றால், அந்தக் காலியிடத்தை உங்கள் கையாலேயே எழுதி நிரப்பித் தாருங்கள். அதன் பிறகுதான் கண்ணாடிச் சட்டம் போடுவோம்.

ஆண்டுகள் பல நீங்கள் நலமாக வாழ்க! உங்கள் கண்கள் தெளிவாகவும், கால்கள் திடமாகவும், தேநீர் கிளாஸ் எப்போதும் நிரம்பியும் இருக்க இறைவன் அருள்க! எங்கள் தேநீரைப் பாதியாகக் குறைத்தவர் உங்கள் தோழர் ரிஃபஅத். அந்த மிச்சப் பாதியும் உங்களுக்கே சேரட்டும். மாடியேற மனம் வரும் நாளெல்லாம் வாருங்கள். முக்காலி அதே இடத்தில் இருக்கும். எதிர் வரிசையில் பூக்களும் இருக்கும்.

என்றும் உங்கள் அன்பில் வாழும்,
டயாலிசிஸ் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர், பணியாளர்கள்,
நாற்காலிக்காரர்கள் அனைவரும்,
மைக்ரோபஸ் பஸ்யூனி
தெஸூக்